இடப்பக்கத்து விருந்தாளி

அத்தியாயம் 9

நான்கு நாளாக மூடுபனி எங்கள் குடாவை விட்டு நகரவில்லை. முனையில் படகுகளை எச்சரிக்கும் பனிச்சங்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊதிக்கொண்டே இருந்தது. டூலிங் குடாவில் மொத்தம் நாற்பது வீடு. வியாழக்கிழமை காலை அதில் முப்பத்தொன்பது வீட்டிலும் ஜன்னல் திரை விலகியிருந்தது. பனியில் ஒன்றும் தெரியாது என்பது எங்களுக்கு மட்டும் தெரியாதா? தெரியும். ஆனாலும் ஃபான்ஸ் வீட்டுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வரும் நாளில் திரையை மூடிவைக்க எங்களுக்கு மனசு வரவில்லை.

ஃபான்ஸை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மே மாதம் நண்டுக் கூண்டுகளை இறக்கிவிட்டு வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், அப்படியே இடப்பக்கமாகச் சரிந்தார். பக்கவாதம். நகரத்து ஆஸ்பத்திரியில் பதினைந்து வாரம், வீடு திரும்பி ஐந்து வாரம். பேச்சு போகவில்லை. அந்த வாய் போயிருந்தால் பாதி ஊர் நிம்மதியாக இருந்திருக்கும் என்று அவர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறோம், அவரும் சிரித்திருக்கிறார். நாலு கால் ஊன்றுகோலை வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து, கட்டிலிலிருந்து சமையலறை வரை வந்துவிடுகிறார்.

போனது இடது கை. அதைவிட மோசமாகப் போனது இடது பக்கம். உலகத்தில் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு நினைவில்லை. தட்டில் வலது பாதி மீனைத் தின்றுவிட்டு, "இவ்வளவுதானா?" என்பார். வலது கன்னத்தை மட்டும் மழமழவென்று சவரம் செய்துகொண்டு வந்து நிற்பார். யாராவது இடப்பக்கம் நின்று பேசினால் வலப்பக்கம் தேடுவார்.

இதெல்லாம் ஊர் அறிந்த விஷயம். ஊர் அறியாத ஒன்றைத்தான் போன வாரம் நாம் தெரிந்துகொண்டோம். மடியில் கிடக்கும் அந்த இடது கை தன்னுடையது இல்லை என்கிறார் ஃபான்ஸ். அது அவருடைய அண்ணன் சிரிலின் கை என்கிறார்.

சிரில் கடலில் போய் முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை.

*

"இது யாருடைய கை?"

"இது என்னுடைய கை."

"இது உன்னுடைய எந்தக் கை?"

"இது என்னுடைய இடது கை."

"நீ எழுந்திருக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?"

"என் இடது கை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். ஆமென்."

"ஆமென் வேண்டாம்யா!" பிலோ மேசையைத் தட்டினாள். "எத்தனை தடவை சொல்றது? அந்தப் பொண்ணு முன்னாடி ஆமென் போட்டே, அவ்வளவுதான், தொலைஞ்சோம்."

பிலோ என்கிற பிலோமினா இருபத்திரண்டு வருஷம் எங்கள் கோவிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவள். நாங்கள் படித்த ஞானோபதேசத்தில் கேள்வி உண்டு, பதில் உண்டு. புரிந்ததா என்று எவரும் கேட்டதில்லை. பிஷப் வரும்போது ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்துவிட்டால் விசுவாசம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த வித்தையைத்தான் பிலோ இப்போது புருஷனிடம் இறக்கியிருந்தாள். நகரத்து ஆஸ்பத்திரியில் என்னென்ன கேட்டார்களோ அத்தனையையும் ஞாபகம் வைத்திருந்து, பதில் எழுதி, ஐந்து வாரமாகத் தினமும் காலையில் உருப்போட வைத்தாள். ஃபான்ஸும் பத்து வயசுப் பையனைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு ஒப்பித்தார். ஒரு வார்த்தை பிசகவில்லை.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆல்பர்ட்டாவில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்த மகள் லொரெட்டா, ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, அம்மா சொல்லித் தந்ததை விடு. எனக்கு நிஜத்தைச் சொல்லு. அது யார் கை?"

"சிரில் கைடி. உன் பெரியப்பன் கை." ஃபான்ஸ் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். ஜன்னல் அவருக்கு வலப்பக்கம். "உங்கம்மா அப்படிச் சொல்லச் சொல்றா, சொல்றேன். வீட்டுக்கு வந்து உக்காந்திருக்கிறவனை இல்லேன்னு சொல்றது எனக்கே கூச்சமாத்தான் இருக்கு."

லொரெட்டா ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள். அவர் அதைச் சொன்ன விதம்தான் காரணம். பிதற்றலாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவரோ பக்கத்து வீட்டுக்காரர் டீ குடிக்க வந்திருக்கிறார் என்பதுபோலச் சொன்னார்.

"அம்மா, பேசாம அந்தத் தெரபிஸ்ட்கிட்ட உள்ளதைச் சொல்லிடலாம். இது வியாதியில ஒரு பாகமா இருக்கும்."

"சொல்லு. நல்லாச் சொல்லு. அடுத்த வாரமே கொண்டுபோய் முதியோர் இல்லத்துல போட்டுருவாங்க." பிலோவின் குரல் தணிந்தது. "நகரத்துல இவர் படுக்கையில வச்சு, 'இது பக்கத்துக் கட்டில்காரன் கை, எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க'ன்னார். டாக்டரம்மா முகம் போன போக்கைப் பாக்கணுமே. வெளியில வந்து நர்ஸ்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'தன் கையையே தெரியாதவரை அடுப்பு இருக்கிற வீட்டுல எப்படி விடறது, இல்லத்துல இடம் இருக்கான்னு பாருங்க'ன்னு. என் காதால கேட்டேன்."

இல்லம் மூன்று மணி நேரக் கார்ப் பயணத் தூரத்தில் இருக்கிறது. எங்கள் குடாவிலிருந்து அங்கே போனவர் எவரும் நடந்து திரும்பியதில்லை. இன்று வரும் பெண் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் ஃபான்ஸ் வீட்டில் இருப்பார், போடாவிட்டால் போக வேண்டும். லொரெட்டா சரி என்று தலையாட்டினாள்.

"டப்பாப் பால் தீர்ந்துபோச்சு," என்றாள் பிலோ. "வர்றவளுக்கு டீ குடுக்கணும். கடைக்குப் போய்ட்டு வா."

*

கடைக்குப் போய்வர இருபது நிமிஷம் ஆகும். பனியில் எதிரே வருகிறவர் தெரியாமல் இரண்டு பேர்மேல் மோதி, இரண்டு பேரிடமும் "அப்பா எப்படி இருக்கார்?" விசாரணைக்குப் பதில் சொல்லி, லொரெட்டா திரும்பி வந்தபோது பின்பக்கக் கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. அம்மாவின் குரல்தான். ஆனால் அந்தக் குரலில் அம்மா பேசி லொரெட்டா கேட்டதே இல்லை. அவளுடைய முப்பத்தைந்து வயசுக்கு ஒரு தடவைகூட.

"...இன்னிக்கு ஒருத்தி வருவா. அவ முன்னாடி உன்னை இல்லேன்னு சொல்லிடுவோம். மனசுல வச்சுக்காதே, என்ன? அவ போனதும் மறுபடியும் இங்கதான் உக்காரப் போறேன்."

லொரெட்டா கதவைத் தள்ளாமல் இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

ஃபான்ஸ் நாற்காலியில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிலோ அவருக்கு இடப்பக்கம், முழங்கால் முட்டுகிற நெருக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த இடது கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, விரல் விரலாக எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"நகம் வளந்திருச்சு உனக்கு. சாயங்காலம் வெட்டி விடறேன், சிரில்."

ஃபான்ஸ் ஜன்னல் பக்கமாகவே கழுத்தை நீட்டிப் பார்த்தார். "பிலோ!" என்று கூப்பிட்டார். "ஏ பிலோ! எங்கடி போனே? எவ்வளவு நேரமா ஆளைக் காணோம்?"

பிலோ சுண்டுவிரலுக்கு எண்ணெய் தடவி முடித்தாள். ஒரு கை நீளத் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியை, தன் கையையே பிடித்துக்கொண்டிருக்கும் மனைவியை, அந்த மனுஷன் வீடு முழுக்கத் தேடினார்.

லொரெட்டா தன்னையறியாமல் கத்திவிட்டாள். அதே நேரம் சங்கு ஊதி அந்தச் சத்தத்தை அமுக்கியது நல்லதாயிற்று.

சிரில் கதை அவளுக்குத் தெரியும். குடாவில் அது தெரியாதவர் யார்? பிலோ கட்டிக்கொள்ள இருந்தது சிரிலைத்தான். கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின வியாழன் அண்ணனும் தம்பியும் வலை எடுக்கப் போனார்கள், தம்பி மட்டும் வந்தான். தான் குனிந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், நிமிர்ந்தபோது அண்ணனைக் காணவில்லை என்றும் ஃபான்ஸ் சொன்னார். ஒன்றரை வருஷம் கழித்து ஃபான்ஸுக்கும் பிலோவுக்கும் ஓலை வாசித்தார்கள். ஊர் அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டது. நல்ல குடித்தனம்தான் நடத்தினார்கள், சண்டைச் சத்தம் வெளியே வந்ததில்லை.

ஆனால் இப்போது கதவிடுக்கில் நின்றவளுக்கு ஒன்று பளிச்சென்று விளங்கிவிட்டது. அம்மா இந்த விஷயத்தை மறைப்பது அப்பா வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லை. குணமாகிவிட்டால் அந்தக் கை அப்பாவுடையதாகிவிடும். அது அம்மாவுக்கு வேண்டாம்.

அவள் வேண்டுமென்றே கதவை டமாலென்று தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். பிலோ திடுக்கிடவில்லை. கையை மெதுவாக ஃபான்ஸின் மடியில் வைத்து, சட்டைக் கைப் பொத்தானைப் போட்டுவிட்டு, எழுந்தாள்.

"பால் கிடைச்சுதா?" என்றாள்.

"அட, இங்கதான் இருக்கியா!" என்றார் ஃபான்ஸ், சந்தோஷமாக.

*

தெரபிஸ்ட் பெயர் ஜனீன். ஒன்டாரியோப் பெண், முப்பது வயசுக்குள் இருக்கும். எங்கள் கரைக்கு வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. முதல் மாதம் எல்லாரும் "கண்ணு", "ராசாத்தி" என்று கூப்பிட்டதில் மிரண்டு போயிருந்தவள், இப்போது பழகிவிட்டாள். பனியில் வழி தவறி எங்கள் வீட்டு முற்றத்துக்குள் காரை விட்டவளை நான்தான் வழி காட்டி அனுப்பினேன். அந்த மட்டுக்கும் எனக்கு இந்தக் கதையில் பங்கு உண்டு. மற்றதெல்லாம் லொரெட்டா பிறகு சொல்லி அழுதது.

"வா கண்ணு, குளிர்ல நிக்காதே," என்று பிலோ அவளை அடுப்புப் பக்கம் உட்கார வைத்தாள். எங்கள் வீடுகளில் விறகடுப்புதான். மேலே இரும்புத் தட்டு. அக்டோபரில் பற்றவைத்தால் மே வரை ஆறாது.

ஜனீன் நேராக ஃபான்ஸின் இடப்பக்கம் போய் நின்று, அவருடைய இடது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"ஃபான்ஸ், இது யார் கைன்னு சொல்லுங்க பாக்கலாம்."

லொரெட்டா டீக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இது என்னுடைய கை," என்றார் ஃபான்ஸ், ஜன்னலைப் பார்த்து.

"எந்தக் கை?"

"இது என்னுடைய இடது கை."

"எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"என் இடது கை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்." ஃபான்ஸின் உதடு 'ஆ'வுக்குத் திறந்தது. பிலோ இருமினாள். உதடு மூடிக்கொண்டது.

"பிரமாதம்!" ஜனீனுக்கு நிஜமாகவே சந்தோஷம். "நகரத்துல எழுதி அனுப்பினதைப் பாத்துப் பயந்துட்டே வந்தேன். நீங்க இவ்வளவு முன்னேறியிருப்பீங்கன்னு நினைக்கல."

எங்கள் ஊரில் வளர்ந்த யாராவது அந்த இடத்தில் நின்றிருந்தால், அந்தக் குரலைக் கேட்டதும் கண்டுபிடித்திருப்பார்கள். பிஷப் முன் நிற்கிற குரல் அது. ஒன்டாரியோப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

"கடைசியா ஒண்ணே ஒண்ணு. எனக்கு ஒரு டீ போட்டுக் குடுங்க. அடுப்புகிட்ட பத்திரமா இருக்கீங்கன்னு பாத்துட்டேன்னா கையெழுத்துப் போட்டுடுவேன்."

ஃபான்ஸ் எழுந்தார். ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டு அடுப்புக்கு முன்னால் இடுப்பை முட்டுக்கொடுத்து நின்றார். நாற்பது வருஷமாக விடிகாலையில் தனக்குத் தானே டீ போட்டுக்கொண்டு கடலுக்குப் போன மனுஷர். கெட்டில் எங்கே, டீத்தூள் எங்கே என்று வலது கைக்குத் தெரியும். பிலோ இடப்பக்கம் ஒட்டி நின்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கையை விட்டுடுங்கம்மா," என்றாள் ஜனீன். "அவரே பாத்துக்கணும். அதுதானே பரீட்சை?"

பிலோ விடவில்லை.

"அம்மா, விடுங்க."

பிலோ விட்டாள்.

ஜனீன் இரண்டடி தள்ளி நின்றாள். இடப்பக்கம் வைக்கும் கோப்பையை அவர் கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்க, அலமாரிப் பக்கமாகத் திரும்பி ஒரு கோப்பையை எடுத்தாள். கெட்டில் கொதிக்கத் தொடங்கியது. சங்கு ஊதியது. ஃபான்ஸ் வலது கையால் கெட்டிலைத் தூக்கி, டீ ஜாடியில் நிதானமாக ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்புறம் மூக்கை உறிஞ்சினார்.

"பிலோ," என்றார். "யாருக்கோ சுடுது. பாரு."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். கெட்டிலைக் கீழே வைத்தார், மூடியை மூடினார். பிலோ விட்டபோது சரிந்த அவருடைய இடது கை இரும்புத் தட்டின்மேல் கிடந்தது. தோல் கருகும் நாற்றம் லொரெட்டாவின் மூக்கில் ஏறிய அதே நொடியில் ஜனீன் பாய்ந்து அந்தக் கையை இழுத்தாள்.

"யாருக்குச் சுட்டுது?" என்று கேட்டார் ஃபான்ஸ், எல்லாரையும் பார்த்து. வலப்பக்கம் இருந்த எல்லாரையும்.

*

குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் ஃபான்ஸின் கையைக் காட்டிக்கொண்டு நின்றாள் ஜனீன். உள்ளங்கையின் ஓரம், சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை, சிவந்து கொப்புளம் கிளம்பியிருந்தது. ஃபான்ஸ் முகம் சுளிக்கவில்லை. "டீ ஆறிடும், குடிச்சிட்டு வேலையைப் பாரு கண்ணு," என்றார்.

"தன் கைன்னு சொன்னாரே," என்றாள் ஜனீன். "கேட்ட மூணுக்கும் சரியாச் சொன்னாரே. அதை நம்பித்தான் நான் ரெண்டடி தள்ளி நின்னேன்."

லொரெட்டா அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாய் திறக்கக் காணோம் என்றதும் தானே சொல்லிவிட்டாள். ஐந்து வார உருப்போடல், சிரில், எல்லாம். கதவிடுக்கில் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை.

ஜனீன் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பேயும் இல்ல, புத்தி பிசகும் இல்லம்மா," என்றாள். "மூளையில அந்தக் கைக்கான இடம் அடிபட்டுப் போச்சு. கை கண்ணுக்குத் தெரியுது, 'என்னோடது'ங்கிற நினைப்பு வர மாட்டேங்குது. அப்போ அது யாரோடதுன்னு மனசு தானே ஒரு ஆளைத் தேடிக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அது தன் மாமியார் கைன்னு சாதிச்சார். அவர் வீடு திரும்பினப்பவே நீங்க எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தா அப்பவே வைத்தியம் ஆரம்பிச்சிருப்பேன். இதுக்காக யாரையும் இல்லத்துக்கு அனுப்ப மாட்டேன். மறைச்சதுனாலதான் இப்போ சூடு பட்டிருக்கு. இதை நான் எழுதாம இருக்க முடியாது."

"அப்போ?" என்றாள் லொரெட்டா.

"ரெண்டு வாரம் தர்றேன். ரெண்டு வாரத்துல அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்க ஆரம்பிச்சா வீட்டுலயே இருக்கட்டும். இல்லேன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது." அவள் பிலோ பக்கம் குனிந்தாள். "நீங்கதான்மா செய்யணும். அவர் வாயால ஒப்பிக்கிறது வேலைக்கு ஆகாது. நீங்க அவர் இடப்பக்கம் உக்காந்து, அந்தக் கையைத் தொடும்போதெல்லாம், 'இது உன் கை, ஃபான்ஸ்'னு சொல்லணும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை ஆனாலும் சரி. ஒரு தடவைகூட வேற பேர் சொல்லிடாதீங்க. உங்க குரலைத்தான் அவர் நம்புவார்."

பிலோ தலையாட்டவில்லை.

ஜனீன் ஈரக் கையை மெல்ல ஒற்றி, ஃபான்ஸை நாற்காலியில் உட்கார வைத்தாள். மருந்துக் குழாயை மேசையில் வைத்துவிட்டு, சுற்றுகிற துணியையும் தாளையும் எடுத்துவரக் காருக்குப் போனாள். நாலெட்டில் பனி அவளை விழுங்கிவிட்டது.

*

பிலோ தன் வழக்கமான நாற்காலியில், வழக்கமான பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லும்மா," என்றாள் லொரெட்டா.

பிலோ கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா இங்க இருக்கணுமா வேண்டாமா? ஒரே ஒரு வாக்கியம்தானே. சொல்லேன்."

பிலோ சொல்லவில்லை, கேட்டாள். ஐந்து வாரமாக மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"ஏன்யா உன்கிட்ட வந்தான்?"

"யாரு?" என்றார் ஃபான்ஸ், ஜன்னலிடம்.

"சிரில். வர்றதா இருந்தா என்கிட்ட இல்ல வந்திருக்கணும்? ரெண்டு ஓலை எனக்கும் அவனுக்கும் வாசிச்சது. முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு உன் மடியில வந்து உக்கார அவனுக்கு என்ன வேலை?"

"கடைசியா என்னைத்தானே பிடிச்சிருந்தான்."

பிலோவின் விரல்கள் நின்றுவிட்டன.

"நீ எஞ்சினைப் பாத்துக்கிட்டு இருந்தேன்னே."

"எஞ்சின் நல்லாத்தான் ஓடிச்சு." ஃபான்ஸின் குரலில் வருத்தமோ பயமோ இல்லை. மறைக்க வேண்டும் என்கிற நினைப்பே அவருக்கு இல்லாமல் போயிருந்தது, இடப்பக்கம் இல்லாமல் போனதைப் போலவே. "வலையில கால் சிக்கி விழுந்தான். எட்டிப் பிடிச்சேன். வலது கை சுக்கான்ல, இடது கையில அவன். அலை பக்கவாட்டுல அடிக்குது, படகு சாயுது. ரெண்டையும் பிடிக்க முடியல பிலோ. 'விட்டுடாதடா'ன்னான். நான் விட்டேன்."

லொரெட்டா ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"அவன் விடல," என்றார் ஃபான்ஸ். "நான்தான் உதறினேன். அப்போ விடாதவன் இப்பவும் விட மாட்டேங்கிறான். பாவம், இருந்துட்டுப் போகட்டும்."

வெளியே காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பிலோ மடியில் இருந்த கையைப் பார்த்தாள். ஐந்து வாரம் எண்ணெய் தடவின கை. நகம் வெட்டி, பொத்தான் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்ட கை. அதை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்து, ஃபான்ஸின் நெஞ்சுக்கு நேரே தூக்கினாள்.

"இது சிரில் கை இல்ல," என்றாள். அவள் குரல் லொரெட்டா இதுவரை கேட்ட இரண்டு குரல்களிலும் சேரவில்லை. "இது உன் கை, ஃபான்ஸ். உன் இடது கை. அவனை விட்ட கை இதுதான்."

ஃபான்ஸின் கழுத்து அசைந்தது.

லொரெட்டா தன் கண்ணால் பார்த்தாள். ஐந்து மாதமாக ஒரு தடவைகூடத் திரும்பாத அந்தத் தலை, துருப்பிடித்த கீல் திரும்புகிற மாதிரி விட்டு விட்டு, ஜன்னலிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து தன் மார்புக்கு, அதையும் தாண்டி இடப்பக்கம் திரும்பியது. கண் அந்தக் கையில் வந்து நின்றது. விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து தோளுக்கு, தன் தோளுக்கு ஏறியது. பிறகு அந்தக் கையைப் பிடித்திருந்த இரண்டு கைகளைக் கண்டு, அவற்றின் வழியாக மனைவியின் முகத்துக்கு வந்து சேர்ந்தது.

"நீ இங்கதான் இருந்தியா?" என்றார் ஃபான்ஸ். "இத்தனை நாளும்?"

அவர் முகம் கோணியது. உதடு துடித்தது. நெற்றியில் வியர்வை அரும்பியது. சூடு பட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"எரியுது பிலோ," என்றார். "ஐயோ, எரியுதுடி. என் கை எரியுது."

வாசல்படியில் ஜனீனின் காலடிச் சத்தம். லொரெட்டா பாய்ந்து மேசையிலிருந்த மருந்துக் குழாயை எடுத்தாள்.

"அதைக் கீழ வை," என்றாள் பிலோ, ஃபான்ஸின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "வச்சுட்டு உக்காருடி."